பதினான்காம் ஷரத்து

அதை நான்தான் கேட்டுச் சேர்த்தேன்:
"வீட்டினுள் நேரும் எந்தக் காயத்துக்கும்
உரிமையாளர் பொறுப்பல்ல."
முகவர் கோ பேனாவை மூடியபடி சிரித்தார்.
தூறலுக்கு இந்தக் குடை போதும் என்றார்.

புக்கிட் பாத்தோக்கில் பதினோராம் மாடி, மூவறை வீடு.
மணவிலக்குக்குப் பின் எனக்கு மிஞ்சியது.
தங்கை வீட்டு ஹாலில் பாய் விரித்துக்கொண்டு
அதன் வாடகையில்
மகளுக்குப் பாலிடெக்னிக் கட்டணம் கட்டுகிறேன்.

துவாஸ் கப்பல் பட்டறையில் எனக்கு
விபத்தை வருமுன் பிடிக்கிற உத்தியோகம்.
தளர்ந்த போல்ட், எண்ணெய் சிந்திய படி,
கொக்கி மாட்டாத பெல்ட்,
எதைக் கண்டாலும் விசில் அடித்து வேலையை நிறுத்துவேன்.
மயிரிழையில் தப்பியவற்றுக்கென்றே ஒரு படிவம் உண்டு.
மாதம் நாற்பது நிரப்புகிறவன் நான்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய் காலை
இரவுப் பணி முடிந்து குளிக்கப் போன சூ மியாட்
வழுக்கி விழுந்து
வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள்.
தாதி. ஊசி போடும் கை.

செய்தி கேட்டதும்
எனக்கு நினைவு வந்தது அந்தக் கை அல்ல.
பதினான்கு.

வழக்கறிஞர் புஷ்பநாதன்
குளிர்சாதனத்துக்கு நேர் கீழே சால்வையோடு அமர்ந்திருந்தார்.
காப்புறுதி?
தீக்கு மட்டும் எடுத்திருக்கிறேன் என்றேன்.
கதவுக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டு
ஜன்னலைத் திறந்து வைத்தவனைப் பார்க்கிற பார்வை.
"அலட்சியம் என்று ஆகிவிட்டால்
இந்த ஷரத்து வெறும் காகிதம்.
ரசீது, படம், தேதி எல்லாவற்றையும் திரட்டுங்கள்.
அந்த இடத்தைத் தொடாதீர்கள்.
முக்கியமாக, அவளிடம் சாரி சொல்லிவிடாதீர்கள்."

ரயிலில் தோள் உரசினால் சாரி.
காப்பிக்கடையில் நாற்காலி இழுத்தால் சாரி.
இந்த ஊரில் சில்லறையாய்ப் புழங்கும் சொல்.
அன்றுதான் அதற்குப் பெரிய நோட்டில் ஒரு விலை கேட்டேன்.

ஆதாரம் தேடி வாட்ஸ்அப்பை மேலே மேலே தள்ளினேன்.
வாடகை வந்தது, நன்றி.
வாடகை வந்தது, நன்றி.
ஏர்கான் கழுவியாச்சு.
வாடகை வந்தது.
பிறகு மார்ச் ஒன்பது:
"அங்கிள், பாத்ரூமில் ஒரு டைல் ஆடுது.
அடியில் தண்ணி நிக்குது."
படமும் இருந்தது.
கீழே என் பதில்,
மஞ்சளாய் ஒரு கட்டைவிரல்.

ஆறு மாதம் அப்படியே நிமிர்ந்து நின்றிருக்கிறது அந்த விரல்.

அழுத்திப் பிடித்தேன்.
'எனக்கு மட்டும் அழிக்கவா?' என்றது திரை.
அதுவும் ஒரு பதினான்காம் ஷரத்துதான்.
அழிக்கவில்லை. நல்லவன் என்பதால் இல்லை;
அவளிடமும் ஒரு கைபேசி இருப்பதால்.

மருத்துவமனைக்கு லொங்கான் வாங்கிப் போனேன்.
அதை உரிக்க இரண்டு கை வேண்டும் என்பது
கட்டிலருகே போன பின்தான் உறைத்தது.
நானே உரித்தேன்.
சொல்லக்கூடாத சொல் வாய்க்குள் உருள
ஒவ்வொன்றாய் உரித்துக் கிண்ணத்தில் போட்டேன்.
பதினேழு பழம். விதைகள் கறுப்பாய்ப் பார்த்தன.

அவள் வழக்கைப் பற்றிப் பேசவில்லை.
போடுவாளா, மாட்டாளா,
இன்றுவரை எனக்குத் தெரியாது.
"மிமி அங்கேதான் குளிக்கிறாள் அங்கிள்" என்றாள்.
"டைல் மாத்திட்டீங்களா?"

பட்டறையாக இருந்தால் அந்த இடத்தில்
விசில் அடித்திருப்பேன்.

நூற்று எண்பத்தேழு பேருந்தில் போனேன்.
வழியில் சிமெண்டு, உளி, ஒரு ரப்பர் விரிப்பு.
முதலில் படம் எடுத்தேன், நான்கு கோணங்களில்;
அந்த அளவுக்கு இன்னும் நான் வீட்டுக்காரன்.
துவைக்கும் இயந்திரத்தின் மேல்
கவிழ்த்து வைத்த கைபேசி அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.
புஷ்பநாதனாக இருக்கலாம்.
மிமி கதவோரம் துண்டோடு காத்து நின்றாள்.

உளியை நுழைத்து நெம்பினேன்.
அடியில்
மார்ச் மாதத்துத் தண்ணீர் இருந்தது.